மீன்தொட்டிக்கு ஒரு விளக்கு

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டுவர முடியாதவை பல. அவற்றுள் ஊர்க்குளமும் ஒன்று. அம்மியையும் குத்துவிளக்கையும் இரயிலில் ஏற்றிவிடலாம். குளத்தை ஏற்ற இயலுமோ? எங்கள் மகள் கல்யாண் இரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூருக்குக் கோடை விடுமுறையில் செல்லும்போதெல்லாம், குளத்துப் படித்துறையை விட்டு அவளை எழுப்புவது பெரும்பாடு. நீரில் காலை வைத்தால் மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து கடித்துப் பார்க்கும். அதுவே அவளுக்குப் பேரின்பம். 2023-ஆம் ஆண்டு விடுமுறை முடிந்து திரும்பியதும், “அப்பா, நம் வீட்டிலும் ஒரு குளம் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். மறுக்க மனம் வரவில்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினோம். மணலும் கூழாங்கல்லும் போக, ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் பிடித்தது. மும்பை கிராஃபோர்டு மார்க்கெட்டுக்குச் சென்று கப்பி, மாலி ஆகிய மீன்களையும், வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியையும் கொண்டுவந்தோம். சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு என்பதை அன்பர்கள் அறிவர். வீட்டிற்கு வந்த மாலிகளும் நம்மைப் போல் அங்கிருந்து வண்டியேறியவையாக இருக்கலாம் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

தொட்டி வந்தது, வெளிச்சம் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் கூடத்தில் பகலிலும் அரையிருட்டுத்தான். இரண்டு வாரத்தில் செடிகள் வெளுத்துச் சோர்ந்தன. கடையில் ஆயத்தமாக விற்கும் தொட்டி விளக்குகளின் விலையோ ஒரு குமாஸ்தாவின் வரவு செலவுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே, எல்.இ.டி. விளக்கை வீட்டிலேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். பள்ளியிறுதிப் படிப்போடு நின்றுவிட்ட எங்களைப் போன்றோர்க்கும் இது கைகூடும் வேலையே. ஆயினும், கைகூடுமுன் நாங்கள் செய்த பிழைகள் சில. அவற்றையே முதலில் சொல்லிவிடுகிறோம். அப்பிழைகள் வேறு ஒரு வீட்டில் நேராதிருக்கட்டும்.

தண்ணீர் கடித்தது

பழுதான எல்.இ.டி. பல்புகள் வீட்டில் நாலைந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தால், சிறு மணிகள் பதித்த வட்டத் தகடும், அதை இயக்கும் சிறிய மின்சுற்றும் கிடைக்கும். நல்லவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொட்டியின் மூடிக்கு அடியில் பொருத்தினோம். வெளிச்சம் நன்றாகவே வந்தது. காசு செலவின்றி வேலை முடிந்ததென்று பெருமையும் கொண்டோம்.

மூன்றாம் நாள் மாலை மீனுக்கு இரை போடச் சென்ற மகள் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டாள். “அப்பா, தண்ணீர் கடிக்கிறது” என்றாள். மீன் கடித்ததென்றே முதலில் எண்ணினோம். அவள் முகம் வெளுத்திருந்ததைக் கண்டபின்னரே உண்மை உறைத்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அவளை அணைத்துக்கொண்டோம். அன்று தரை உலர்ந்திருந்தது. அவள் ரப்பர்ச் செருப்பு அணிந்து கோரைப்பாய் மீது நின்றிருந்தாள். இல்லையெனில் இக்கட்டுரையை எழுதும் நிலையில் நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

அடுத்த வீட்டில் குடியிருக்கும் மராத்தி நண்பர் சிக்னல் பிரிவில் பணிபுரிபவர். அவர் வந்து எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, டெஸ்டரைக் கொண்டு பார்த்தார். தகட்டைத் தொட்டதும் டெஸ்டர் எரிந்தது. “பிள்ளை பிழைத்தது உங்கள் சாமர்த்தியத்தால் அன்று” என்று கடிந்துகொண்டு, காரணத்தையும் விளக்கினார்.

மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உள்ளே இருக்கும் மணிகளுக்கும் நடுவே பிரிப்பு ஒன்றும் கிடையாது. பல்பு முழுவதும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடியிருக்கும் வரையில் அதனால் தீங்கில்லை. கூட்டை உடைத்துத் தகட்டை வெளியே எடுத்துவிட்டாலோ, சுவரில் உள்ள பிளக்கைத் திறந்து தண்ணீரின் மேல் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். நீராவியும் தெறிக்கும் துளிகளும் மின்சாரத்தைத் தொட்டிக்குள் கொண்டுசெல்ல அதிக நேரம் ஆகாது. பழைய பல்பின் தகட்டைத் தொட்டிக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றவற்றை மறந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

மின்னழுத்தமும் மின்னோட்டமும்

அதன் பிறகு நண்பரே எங்களுக்கு ஆசிரியர் ஆனார். எல்.இ.டி. என்பது என்ன என்பதிலிருந்து தொடங்கினார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை 1962-ஆம் ஆண்டு நிக் ஹோலோன்யாக் என்னும் அமெரிக்க அறிஞர் செய்து காட்டினார். நீல ஒளி எளிதில் வசப்படவில்லை. அதை நன்கு ஒளிரச் செய்த ஜப்பானிய அறிஞர்களாகிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் காணும் வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது அந்த நீல ஒளியே. அதன் மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றுகிறது.

இந்தச் சிறு விளக்கின் குணம் பழைய குண்டு பல்பின் குணம் அன்று. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 3.4 வோல்ட் வரை வேண்டும். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே அதன் வழியாக மின்னோட்டம் அநேகமாகச் செல்வதில்லை. அந்த எல்லையைத் தாண்டிவிட்டாலோ, வோல்ட்டில் சிறிதளவு கூட்டினாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகிவிடும். காலையில் கல்யாண் நிலையத்தில் லோக்கல் வண்டி வந்து நிற்பதைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வண்டி நிற்கும் வரையில் ஒருவரும் ஏறார். நின்ற மறுகணம் கூட்டம் முழுதும் ஒரே வாயிலில் பாயும். ஆகவே, எல்.இ.டி.க்கு இத்தனை வோல்ட் என்று கொடுத்துவிட்டு இருந்தால் போதாது. இத்தனை ஆம்பியர்தான் செல்லலாம் என்று வரம்பு கட்டவேண்டும். ஒரு வாட் மணிக்கு அவ்வரம்பு பொதுவாக 350 மில்லியாம்பியர்.

இதைக் கேட்டும் நாங்கள் முழுதாக நம்பவில்லை. ஒரு வாட் மணிகள் நான்கை வரிசையாக இணைத்து, 12 வோல்ட் அடாப்டரில் நேராகப் பொருத்திப் பார்த்தோம். மூன்றும் நாலும் பன்னிரண்டு. கணக்குச் சரிதானே என்பது எங்கள் எண்ணம். ஐந்து நாள் எரிந்தன. ஆறாம் நாள் ஒரு மணி கருகிப்போக, வரிசை முழுதும் அணைந்தது. எல்.இ.டி. சூடேறச் சூடேற அதற்கு வேண்டிய வோல்ட் குறையும். கொடுக்கும் வோல்ட் மாறாதிருந்தால் மின்னோட்டம் கூடும். கூடினால் மேலும் சூடேறும். இப்படியே வளர்ந்து இறுதியில் எரிந்துவிடும். எங்கள் கணக்கில் வெப்பத்துக்கு இடம் இல்லாமற் போயிற்று.

ஏற்ற மின்வழங்கி

இதற்கு வழிகள் இரண்டு. எளிய வழி, கடைகளில் சுருளாக விற்கும் 12 வோல்ட் எல்.இ.டி. நாடாவை வாங்குவது. அதில் மூன்று மூன்று மணிகளாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மின்தடை வைத்திருப்பார்கள். அதனால்தான் மூன்று மணிக்கு ஒரு முறை வெட்டும் கோடு இருக்கிறது. அம்மின்தடையே மின்னோட்டத்துக்கு வரம்பு. நாடாவின் மொத்த வாட்டைப் போல் ஒன்றேகால் பங்கு தாங்கும் 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் போதும்.

நாங்கள் மேற்கொண்டது இரண்டாவது வழி. ஒரு வாட் மணிகள் பன்னிரண்டு எடுத்து, ஆறு ஆறாக இரு வரிசைகள் அமைத்தோம். ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 19 வோல்ட் வேண்டும். 24 வோல்ட், ஒரு ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே மாறா மின்னோட்டம் தரும் டிரைவர்ப் பலகை ஒன்றைப் பொருத்தினோம். பி.டி. 4115 என்னும் சில்லு உள்ள பலகை அது. வோல்ட் சற்றே ஏறினாலும் இறங்கினாலும், மணிகள் சூடேறினாலும், அது அனுப்பும் மின்னோட்டம் மாறாது. வாங்கும்போது அது 350 மில்லியாம்பியருக்கு உரியதா என்று கேட்டு வாங்கவேண்டும். 700 தரும் பலகையும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, லாமிங்டன் ரோடு கடைகளில் இவற்றை எல்லாம் ஒரே மாலையில் வாங்கிவிட்டோம்.

மணிகளை வெற்றிடத்தில் தொங்கவிடலாகாது. எல்.இ.டி.க்குச் செல்லும் மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலுமோ வெப்பமாகவே மாறுகிறது. அலுமினியச் சன்னல் செய்யும் கடையில் வெட்டிப்போட்ட சட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெப்பப் பசை தடவி, அதன் மேல் மணிகளைப் பதித்தோம். ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் சட்டத்தின் மேல் விரல் வைத்துப் பொறுக்க முடிகிறது. அதுவே நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை.

வெளிச்சத்தைக் குறைப்பது எங்ஙனம்?

விளக்கு எரிந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. இருட்டுக் கூடத்தில் சுவிட்சைத் தட்டியதும் பன்னிரண்டு மணிகளும் ஒருசேரப் பளிச்சிட, மீன்கள் வெருண்டு கண்ணாடியில் மோதின. இம்மீன்களுக்கு மூடிக்கொள்ளக் கண்ணிமையும் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவ்வாறு விளக்கைப் போட்டபோது, கறுப்பு மாலி ஒன்று மூடியின் இடுக்கு வழியே துள்ளித் தரையில் விழுந்தது. நாங்கள் கண்டெடுத்தபோது உயிர் இல்லை. மகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. குளத்தில் பொழுது மெல்ல விடிகிறது, மெல்ல அடைகிறது. வீட்டுத் தொட்டியிலும் அப்படியே நடக்கவேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

விசிறி ரெகுலேட்டர் கொண்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று எண்ணி, அடாப்டருக்கு முன்னால் அதைப் பொருத்தினோம். திருகைத் திருப்பியும் வெளிச்சம் குறையவில்லை. ஓரிடத்துக்கு மேல் படபடவென்று துடித்தது. அந்த ரெகுலேட்டர் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. அடாப்டரோ, வருவது குறைந்தாலும் தருவது குறையாதிருக்கவே செய்யப்பட்டது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லாடினால் கெடுவது அடாப்டர்தான். வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை எல்.இ.டி. வரிசையில் பொருத்தியவரும் உண்டு. அது தாங்கும் மின்சாரம் மிகச் சிறிது, புகைந்து போகும்.

சரியான முறை துடிப்பு முறை. மின்னோட்டத்தின் அளவை மாற்றாமல், அதை விட்டு விட்டு அனுப்புவது. ஒரு நொடிக்குச் சில நூறு முறை விளக்கு எரிந்து அணையும். கண் அதைத் தனித்தனியே காணாது; எரியும் நேரத்தின் பங்குக்கு ஏற்ற வெளிச்சமாகவே காணும். பாதி நேரம் எரிந்தால் பாதி ஒளி. பத்தில் ஒரு பங்கு எரிந்தால் பத்தில் ஒரு பங்கு ஒளி. எரியும் கணத்தில் மின்னோட்டம் தனக்குரிய அளவிலேயே இருப்பதால் நிறமும் திரிவதில்லை.

நாடா விளக்கு வைத்திருப்பவர்கள் இதற்கென்று விற்கும் 12 வோல்ட் டிம்மர் ஒன்றை அடாப்டருக்கும் நாடாவுக்கும் நடுவே பொருத்தினால் போதும், கையால் திருகிக்கொள்ளலாம். நாங்கள் அர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகையை வைத்தோம். அது நொடிக்கு ஏறத்தாழ 490 துடிப்புகள் தரும். 0 முதல் 255 வரை படிகள் உண்டு. டிரைவர்ப் பலகையில் டிம் என்று குறித்த முனையில் அத்துடிப்பைக் கொடுக்கவேண்டும். இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைக்க மறக்கலாகாது. நாங்கள் மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினோம். டிம் முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் வைத்தோம். அஃது இல்லாவிடில், நள்ளிரவில் மின்தடங்கல் நீங்கி அர்டுயினோ விழித்தெழும் ஓரிரு நொடிகள் விளக்கு முழு ஒளியோடு எரிந்து மீன்களை வெருட்டும்.

நாடா விளக்கை அர்டுயினோ கொண்டு இயக்க விரும்புவோர்க்கு நடுவே ஒரு மாஸ்ஃபெட் வேண்டும். ஐந்து வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் ஐ.ஆர்.எல். இசட் 44 வகையைக் கேட்டு வாங்குங்கள். பெயரில் ஓரெழுத்து மாறி ஐ.ஆர்.எஃப். இசட் 44 வந்துவிட்டால், அது பாதி திறந்த கதவாக நின்று கொதிக்கும்.

கண்ணின் குணம் ஒன்றையும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஒளி பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தோன்றாது. முழு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நமக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். எனவே, விடியலின் தொடக்கத்தில் படிகளை மிக மெதுவாக ஏற்றி, பின்னர் விரைவாக ஏற்றினால்தான் இயற்கையாகத் தோன்றும். நேரம் காட்ட டி.எஸ். 3231 என்னும் கடிகாரச் சில்லு ஒன்றும் உண்டு. சிறு பொத்தான் மின்கலம் இருப்பதால், மின்சாரம் நின்றாலும் அதன் கணக்குத் தவறுவதில்லை.

எத்தனை மணி நேரம்?

நன்றாக எரிகிறதே என்று முதலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவைத்தோம். மூன்றே வாரத்தில் கண்ணாடி முழுதும் பச்சைப் பாசி படர்ந்தது. ஒளி மிகுந்தால் செடியைவிடப் பாசியே முந்திக்கொள்ளும். எளிதில் வளரும் செடிகளுக்கு லிட்டருக்கு இருபது லூமன் அளவு ஒளி போதும் என்பது தொட்டி வளர்ப்போர் கணக்கு. எங்கள் பன்னிரண்டு மணிகள் அந்த அளவையே தருகின்றன. நேரத்தை ஏழு மணியாகக் குறைத்தோம், பாசி அடங்கியது. பிற்பகல் மூன்று மணிக்கு விடியல். நாற்பது நிமிடத்தில் முழு ஒளி. இரவு ஒன்பது இருபதுக்கு மங்கத் தொடங்கிப் பத்து மணிக்கு இருள். பள்ளியும் அலுவலும் முடிந்து வீட்டார் கூடியிருக்கும் பொழுது அது. மாதத்துக்கு மூன்று யூனிட் அளவே மின்சாரம் ஆகிறது.

காவல் விதிகள்

மின்சாரமும் தண்ணீரும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் சில விதிகளைக் கைவிடலாகாது. தொட்டிக்குச் செல்லும் மின்சாரம், பிரிப்புள்ள நல்ல அடாப்டரின் வழியே 12 அல்லது 24 வோல்ட்டாகவே செல்லவேண்டும். அடாப்டர் தொட்டியின் மேல் இருக்கலாகாது. தள்ளிச் சுவரில் இருக்கட்டும். கம்பி பிளக்குக்கு வருமுன் ஒரு முறை கீழே வளைந்து மேலேறவேண்டும். வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும். விளக்குக்கும் நீருக்கும் நடுவே கண்ணாடி மூடி வேண்டும். கசிவு கண்டால் தானே நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கவேண்டும். எங்கள் குடியிருப்பில் மின்பிரிவினரிடம் எழுதிக் கொடுத்து அதைப் பொருத்திக்கொண்டோம். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மகளின் பொறுப்பு. இத்தனைக்குப் பிறகும், தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

மொத்தத்தில் நாங்கள் கற்றது ஒன்றே. மின்னோட்டத்துக்கு ஓர் அளவு, வெப்பத்துக்கு ஓர் அளவு, வெளிச்சத்துக்கு ஓர் அளவு, நேரத்துக்கு ஓர் அளவு. எங்கள் தொட்டியில் விளைந்த கேடுகள் அனைத்தும் அளவு தப்பியதால் வந்தவையே.

இப்போது இரவு ஒன்பதரை மணிக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தொட்டியின் முன் அமர்கிறோம். ஒளி மெல்லத் தாழ, கப்பிகள் செடிகளுக்கிடையே ஒதுங்குகின்றன. மாலிகள் அடித்தரையில் அசையாது நிற்கின்றன. நெல்லைச் சீமையில் பொழுது சாயும்போது குளம் எப்படி இருக்கும் என்று மகள் கேட்கிறாள். இல்லத்தரசி தம் பிறந்த ஊர்க் குளத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். பத்து மணிக்கு விளக்கு முழுதும் அடங்கும் வரையில் அக்கதை நடக்கிறது.

இதைச் செய்ய விரும்பும் சங்க அன்பர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் இல்லத்துக்கு வந்து பார்க்கலாம். மராத்தி நண்பரையும் அழைத்துவைப்போம். கருகிய மணிகளையும் பழைய பல்புத் தகட்டையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். வருவோர்க்கு முதலில் அவற்றையே காட்டுவது எங்கள் வழக்கம்.